வேலை முடிந்தது, பணம் வரவில்லை: கலிபோர்னியாவில் மெக்கானிக்ஸ் லியன் மூலம் பாக்கியை வசூலிக்கும் வழி

தைக்கக் கொடுத்த சட்டை, கூலி கொடுத்தால்தான் கைக்கு வரும். பட்டறையில் விட்ட பைக்கும் அப்படித்தான். பொருள் தன் கையில் இருப்பதுதான் தையல்காரருக்கும் மெக்கானிக்குக்கும் பாதுகாப்பு. சுவர் எழுப்பியவரும் வயரிங் இழுத்தவரும் எதைக் கையில் வைத்துக்கொள்வது? ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. போனால் வழக்கு அவர்மேல்தான் வரும்.

இந்தக் குறைக்கு அமெரிக்காவில் 1791-இலேயே ஒரு வழி செய்தார்கள். புதிய தலைநகர் வாஷிங்டனைக் கட்ட ஆளும் சரக்கும் வேண்டியிருந்த நேரம் அது. கட்டடத்துக்கு உழைத்தவருக்கும் பொருள் கொடுத்தவருக்கும் அந்தச் சொத்தின்மேலேயே உரிமை உண்டு என்று மேரிலாந்து மாநிலம் சட்டம் போட்டது. அதுதான் மெக்கானிக்ஸ் லியன். சட்டத் தமிழில் பற்றுரிமை. 'மெக்கானிக்' என்றால் இங்கே வண்டி ரிப்பேர்காரர் இல்லை, கைத்தொழில் செய்பவர் என்ற பழைய பொருள். இன்று எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் இது இருக்கிறது. ஆனால் கெடு, படிவம், நோட்டீஸ் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இந்த வழிகாட்டி கலிபோர்னியாவுக்கு மட்டும். அங்கே இந்த உரிமை மாநில அரசியலமைப்பிலேயே, 14-ஆம் உறுப்பின் 3-ஆம் பிரிவில் இருக்கிறது. நடைமுறை விதிகள் சிவில் சட்டத்தொகுப்பின் 8000-இல் தொடங்கும் பிரிவுகளில் உள்ளன.

லியன் போட்டால் என்ன ஆகும் என்பதை நம்மூர் வில்லங்கச் சான்றை நினைத்தால் உடனே புரியும். கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ரெக்கார்டர், அதாவது பதிவாளர் அலுவலகத்தில் பதிவான லியன், அந்தச் சொத்தின் வில்லங்கமாக நிற்கும். வீட்டை விற்கப் போனாலும் மறுகடன் வாங்கப் போனாலும், சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி அதைக் காட்டும். 'இதைத் தீர்த்துவிட்டு வாருங்கள்' என்பார்கள். பெரும்பாலும் பணம் வருவது இந்த இடத்தில்தான். ஏலம் வரை போவது அபூர்வம்.

லியனை இழப்பவர்கள் பலர் அதைக் கோர்ட்டில் இழப்பதில்லை. வேலையின் முதல் 20 நாளில், ஒரு நோட்டீஸ் அனுப்பாததால் இழக்கிறார்கள்.

முதலில் லைசென்ஸைப் பாருங்கள்

லைசென்ஸ் தேவைப்படும் வேலையை லைசென்ஸ் இல்லாமல் செய்தால் லியனும் கிடையாது, பணம் கேட்டு வழக்கும் போட முடியாது. அதோடு முடியவில்லை. வணிக, தொழில் சட்டத்தொகுப்பின் 7031-ஆம் பிரிவின்படி, ஏற்கெனவே வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உரிமையாளர் வழக்குப் போடலாம். வேலை நன்றாக இருந்தது, லைசென்ஸ் இல்லை என்று அவருக்கு முன்பே தெரியும் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

வேலை நடந்த எல்லா நாளும் லைசென்ஸ் உயிரோடு இருந்திருக்க வேண்டும். இங்கே பலர் கவனிக்காத ஒரு பள்ளம், தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. அது காலாவதியானால் லைசென்ஸும் தானாக நிறுத்திவைக்கப்படலாம். வேலை தொடங்குமுன் காண்ட்ராக்டர் லைசென்ஸ் வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் எண்ணைத் தட்டிப் பாருங்கள். அன்றைய பக்கத்தை அச்செடுத்து கோப்பில் வையுங்கள். வேலை முடியும் நாளிலும் இன்னொரு தடவை.

வீட்டைப் புதுப்பிக்கும் வேலை என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். முன்பணம் 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. அதற்குமேல் வாங்கினால் பிறகு நீங்கள் பாக்கியைக் கேட்கும்போது எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் எடுக்கும்.

20 நாள் நோட்டீஸ்

வேலை தொடங்கிய 20 நாளுக்குள் அனுப்ப வேண்டிய இந்தப் பிரிலிமினரி நோட்டீஸ் (முன்னறிவிப்பு) பாக்கி வசூல் கடிதம் இல்லை. 'நான் இந்த இடத்தில் வேலை செய்கிறேன், எனக்கு லியன் உரிமை உண்டு' என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வாரோ, மெயின் காண்ட்ராக்டர் அடுத்த வேலை தராமல் போவாரோ என்று பயந்து பலர் இதை அனுப்புவதில்லை. பயப்பட ஒன்றுமில்லை. தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் எல்லா வேலைக்கும் அனுப்புவது இது. 400 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் சப்-காண்ட்ராக்டர் இதை அனுப்பாவிட்டால், லைசென்ஸ் வாரியம் நடவடிக்கை எடுக்கவும் அது காரணமாகலாம்.

யார் யாருக்கு அனுப்ப வேண்டும்?

உரிமையாளரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத சப்-காண்ட்ராக்டர், பொருள் சப்ளை செய்தவர், கருவி வாடகைக்கு விட்டவர் மூன்று பேருக்கு அனுப்ப வேண்டும்: உரிமையாளர், மெயின் காண்ட்ராக்டர், கட்டுமானக் கடன் கொடுத்த வங்கி. உரிமையாளரோடு நேரடியாக ஒப்பந்தம் செய்தவர் வங்கிக்கு மட்டும் அனுப்பினால் போதும். கட்டுமானக் கடனே இல்லை என்றால் அவருக்கு இந்த நோட்டீஸே வேண்டாம். தினக்கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளிக்கும் இது தேவையில்லை.

கடன் கொடுத்தவர் யார் என்று எப்படித் தெரியும்? கட்டட பெர்மிட் விண்ணப்பத்தில் அதற்கென்றே இடம் இருக்கிறது. நகராட்சி அலுவலகத்தில் பெர்மிட்டைக் கேட்டுப் பாருங்கள். மெயின் காண்ட்ராக்டரும் உரிமையாளர் பெயர், முகவரி, வங்கி விவரம் ஆகியவற்றைக் கேட்டால் தர வேண்டியவர்.

நோட்டீஸில் என்ன வேலை, மொத்த விலையின் மதிப்பீடு, இடத்தின் முகவரி, உரிமையாளர், மெயின் காண்ட்ராக்டர், வங்கி ஆகியோர் பெயர்கள், உங்கள் பெயர், முகவரி, இந்த வேலையில் உங்கள் இடம் என்ன என்பதெல்லாம் இருக்க வேண்டும். 'காண்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டாலும் உங்கள் சொத்தின்மேல் லியன் வரலாம்' என்று உரிமையாளரை எச்சரிக்கும் வாசகத்தைச் சட்டமே எழுதிக் கொடுத்திருக்கிறது. அதை வரி மாற்றாமல் தடித்த எழுத்தில் போட வேண்டும். சொந்தமாக எழுதப் போகாதீர்கள்.

அனுப்பும் விதமும் முக்கியம். சர்டிஃபைடு அல்லது ரெஜிஸ்டர்டு தபால், எக்ஸ்பிரஸ் தபால், மறுநாள் சேர்க்கும் கூரியர், நேரில் கொடுப்பது ஆகியவை செல்லும். மின்னஞ்சலையும் வாட்ஸ்அப்பையும் நம்பி உட்காராதீர்கள். தபாலில் போட்ட நாளே கொடுத்த நாள். அதனால் தபால் நிலைய முத்திரை விழுந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்துத் தபால் திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். யார், எந்த நாளில், எந்த முகவரிக்கு அனுப்பினார் என்று ஒரு சத்தியப் பிரமாணத் தாளும் அன்றே எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள்.

தேதிக் கணக்கு இப்படி. 2025 மார்ச் 3 அன்று ஒரு சப்-காண்ட்ராக்டர் டைல்ஸ் வேலையைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 நாள் என்றால் மார்ச் 23. அதற்குள் தபாலில் போட்டால் முதல் நாள் வேலையிலிருந்தே பாதுகாப்பு. மறந்துபோய் ஏப்ரல் 10-இல் போட்டால் எல்லாம் போய்விடாது. நோட்டீஸுக்கு முந்தைய 20 நாள், அதாவது மார்ச் 21 முதல் செய்த வேலைக்கும் அதற்குப் பிந்தைய வேலைக்கும் லியன் உண்டு. மார்ச் 3 முதல் 20 வரை இறக்கிய டைல்ஸுக்கும் ஆள்கூலிக்கும் கிடையாது. டைல்ஸ் வேலையில் பெரிய செலவே முதல் வாரத்தில் இறங்கும் சரக்குதான் என்பதை நினைத்துப் பாருங்கள். தாமதமானாலும் அனுப்புங்கள் என்பது ஒரு பாதி. முதல் நாள் வேனில் சரக்கு ஏற்றும்போதே அனுப்புங்கள் என்பது மறு பாதி.

கையெழுத்துப் போடச் சொல்லும் தாள்கள்

வேலை நடக்கும்போது ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு தாளை நீட்டுவார்கள்: லியன் உரிமையை விட்டுக்கொடுக்கும் வெய்வர். கலிபோர்னியாவில் இதற்குச் சட்டம் வகுத்த நான்கு படிவங்கள்தான் உண்டு. இடைத் தவணைக்கு நிபந்தனையுள்ளது, நிபந்தனையற்றது. கடைசித் தவணைக்கும் அதேபோல் இரண்டு. வேலை தொடங்குமுன் 'லியன் போட மாட்டேன்' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தால் அது செல்லாது. ஆனால் இந்த நான்கு படிவங்களில் போட்ட கையெழுத்து செல்லும்.

நிபந்தனையுள்ள படிவத்தில் கையெழுத்திட்டால், செக் வங்கியில் பாஸானால்தான் உரிமை போகும். நிபந்தனையற்ற படிவத்தில் கையெழுத்திட்ட நொடியே போய்விடும், பணம் வந்தாலும் வராவிட்டாலும். 'கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், வெள்ளிக்கிழமை செக் ரெடி' என்று சொல்லி நீட்டப்படும் தாள் எந்தப் படிவம் என்று தலைப்பைப் பாருங்கள். பணம் கணக்கில் ஏறாத வரை நிபந்தனையுள்ளதில் மட்டும்தான் கையெழுத்து. இந்த ஒரு பழக்கம் பல வழக்குகளை மிச்சப்படுத்தும்.

இடைத் தவணைப் படிவத்தில் தேதி எழுதும் இடமும், விலக்குகள் எழுதும் இடமும் இருக்கின்றன. பிடித்தம் வைத்திருக்கும் தொகை, இன்னும் பில் போடாத கூடுதல் வேலை, தகராறில் இருக்கும் தொகை எல்லாவற்றையும் அங்கே எழுதுங்கள். காலியாக விட்டால் பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

கூடுதல் வேலைக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 'பாத்ரூம் சுவரிலும் டைல்ஸ் ஒட்டிவிடுங்க, பார்த்துக்கலாம்' என்று வாய்வழியாகச் சொன்ன வேலைக்கு வேறு வழியே இல்லையென்றால், அன்று மாலையே 'நீங்கள் சொன்னபடி இந்த வேலை, இவ்வளவு தொகை' என்று ஒரு மின்னஞ்சலாவது போய்ச் சேரட்டும்.

பணம் எப்போது வர வேண்டும் என்பதற்கும் சட்டத்தில் கெடு உண்டு. பில் கேட்ட 30 நாளுக்குள் உரிமையாளர் இடைத் தவணையைக் கொடுக்க வேண்டும். தவணை வந்த 7 நாளுக்குள் மெயின் காண்ட்ராக்டர் சப்-காண்ட்ராக்டருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்த 45 நாளுக்குள் பிடித்தத் தொகை விடுவிக்கப்பட வேண்டும். நியாயமான தகராறு இல்லாமல் பிடித்து வைத்தால் மாதம் 2 சதவீதம் அபராதம். இது லியனில் சேராது. ஆனால் கோரிக்கைக் கடிதத்தில் குறிப்பிட நல்ல ஆயுதம்.

வேலை எப்போது 'முடிந்தது'?

மொத்த ஏற்பாட்டிலும் குழப்பமான இடம் இதுதான். கடிகாரம் ஓடத் தொடங்குவது உங்கள் பங்கு வேலை முடிந்த நாளிலிருந்து இல்லை, மொத்தக் கட்டுமானமும் முடிந்த நாளிலிருந்து. அஸ்திவாரம் போட்டவர் மார்ச்சில் கிளம்பியிருப்பார். வீடு டிசம்பரில் முடிந்தால் அவருக்கும் டிசம்பரிலிருந்துதான் கணக்கு.

முடிந்தது என்பதைச் சட்டம் நான்கு விதமாகப் பார்க்கிறது. உண்மையிலேயே வேலை முடிவது ஒன்று. வேலை நின்றிருக்க, உரிமையாளர் குடியேறுவது அல்லது பயன்படுத்தத் தொடங்குவது இரண்டு. தொடர்ந்து 60 நாள் ஆள் இறங்காமல் வேலை கிடப்பது மூன்று. தொடர்ந்து 30 நாள் வேலை நின்றபின் உரிமையாளர் 'நிறுத்த நோட்டீஸ்' பதிவு செய்வது நான்கு. மூன்றாவதுதான் ஏமாற்றும். தகராறில் வேலை நின்றுபோய், 'மறுபடி கூப்பிடுவார்' என்று நீங்கள் காத்திருக்கும்போதே 60 நாள் ஓடி, சட்டப்படி வேலை முடிந்ததாகிவிடும்.

முடிந்தபின் லியன் பதிவு செய்ய எல்லோருக்கும் 90 நாள். ஆனால் உரிமையாளர், வேலை முடிந்த 15 நாளுக்குள் 'நிறைவு நோட்டீஸ்' பதிவு செய்தால் அது சுருங்கும். மெயின் காண்ட்ராக்டருக்கு நோட்டீஸ் பதிவான நாளிலிருந்து 60 நாள், மற்றவர்களுக்கு வெறும் 30 நாள்.

நம் டைல்ஸ் உதாரணத்துக்கு வருவோம். வீடு 2025 ஜூன் 20-இல் முடிந்தது. நோட்டீஸ் எதுவும் பதிவாகாவிட்டால் செப்டம்பர் 18 வரை நேரம். உரிமையாளர் ஜூன் 30-இல் நிறைவு நோட்டீஸ் பதிவு செய்திருந்தால் சப்-காண்ட்ராக்டருக்கு ஜூலை 30 கடைசி நாள், மெயின் காண்ட்ராக்டருக்கு ஆகஸ்ட் 29.

நிறைவு நோட்டீஸ் பதிவு செய்த 10 நாளுக்குள் உரிமையாளர் மெயின் காண்ட்ராக்டருக்கும், பிரிலிமினரி நோட்டீஸ் அனுப்பியவர்களுக்கும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய 90 நாள் கெடு திரும்பிவிடும். ஆனால் தானே குடியிருக்கும், நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத வீட்டு உரிமையாளருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எனவே வீட்டு வேலை செய்பவர்கள் யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்கக் கூடாது. வேலை முடியும் தறுவாயில் வாரம் ஒருமுறை ரெக்கார்டர் அலுவலகப் பதிவுகளில் உரிமையாளர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

அதேபோல், உங்கள் வேலை முடியுமுன் அவசரப்பட்டு லியன் போட்டாலும் செல்லாமல் போகலாம். மெயின் காண்ட்ராக்டர் தன் ஒப்பந்த வேலையை முடித்த பிறகும், மற்றவர்கள் தங்கள் வேலையை நிறுத்திய பிறகும்தான் பதிவு.

தொகையைக் கணக்கிடுவது

லியன் தொகை, ஒப்பந்த விலை அல்லது வேலையின் நியாயமான மதிப்பு, இரண்டில் குறைந்தது. அதிலிருந்து வாங்கிய பணத்தையும் கொடுக்க வேண்டிய கழிவுகளையும் கழிக்க வேண்டும்.

ஒப்பந்தம் 24,000 டாலர். எழுத்தில் ஒப்புக்கொண்ட கூடுதல் வேலை 1,850. வாங்கியது 12,000. திருப்பி எடுத்துக்கொண்ட மிச்ச டைல்ஸுக்குக் கழிவு 350. லியன் 13,500 டாலர். வக்கீல் ஃபீஸ், தாமதத்தால் வந்த நஷ்டம், போகவேண்டியிருந்த லாபம், மாதம் 2 சதவீத அபராதம் எதையும் இதில் சேர்க்காதீர்கள். ஒப்பந்தத்தை மீறியதற்கான வழக்கில் அவற்றைத் தனியாகக் கேட்கலாம்.

கூட்டல் பிழை லியனைக் கொல்லாது. ஏமாற்றும் நோக்கத்தோடு கூட்டிப் போட்டால் மொத்தமும் போகும். 'பேரம் பேசும்போது குறைத்துக்கொள்ளலாம்' என்று 13,500-ஐ 20,000 ஆக்குவது பேரத் தந்திரம் இல்லை, சொந்தக் கையால் போடும் வேட்டு.

பதிவுக்கு முன் ஒரு கடிதம்

சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனாலும் போடுங்கள். ஒரு பக்கம் போதும்: பாக்கி 13,500 டாலர், கணக்கு இணைப்பில், இந்தத் தேதிக்குள் வராவிட்டால் லியன் பதிவாகும். சப்-காண்ட்ராக்டர் என்றால் நகலை உரிமையாளருக்கும் அனுப்புங்கள். முழுப் பணமும் கொடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கும் உரிமையாளர், தன் சொத்தின்மேல் இரண்டாம் முறை செலவு வரப்போகிறது என்று அறிந்தால் மெயின் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கேட்பார். கலிபோர்னியாவில் உரிமையாளர் மேலே கொடுத்துவிட்டார் என்பது கீழே இருப்பவரின் லியனைத் தடுக்காது. பதிவான ஒப்பந்தமும் பேமெண்ட் பாண்டும் (கீழே இருப்பவர்களுக்குப் பணம் கிடைக்கும் என்ற உத்தரவாதப் பத்திரம்) இருந்தால் மட்டும் கதை மாறலாம்.

கெடு தேதியை மறைக்காமல் எழுதுங்கள், ஆனால் உங்கள் கெடுவுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக வையுங்கள். 'அடுத்த வாரம் தருகிறேன்' என்ற பதிலை நம்பி லியன் கெடுவைத் தாண்டிவிட்டால், அந்த வாக்குறுதியால் கெடு நீளாது.

படிவம், தபால், பதிவு: இந்த வரிசையில்

லியன் படிவத்தில் வர வேண்டியவை: கழிவு போக நிகரத் தொகை, உரிமையாளர் பெயர், என்ன வேலை அல்லது பொருள், யார் சொல்லி செய்தீர்கள், இடம், உங்கள் முகவரி. இடத்துக்குத் தெரு முகவரியோடு மனை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். மனை எண் கவுண்ட்டி மதிப்பீட்டாளர் அலுவலகப் பதிவில் இருக்கும். உரிமையாளர் பெயரை ஒப்பந்தத்திலிருந்து எடுக்காமல் பத்திரத்திலிருந்து எடுங்கள். ஒப்பந்தத்தில் கணவர் கையெழுத்து, பத்திரத்தில் குடும்ப டிரஸ்ட் பெயர் என்பது சாதாரணம்.

'மெக்கானிக்ஸ் லியன் அறிவிப்பு' என்ற தலைப்பில் சட்டம் கொடுத்த வாசகம் குறைந்தது 10 பாயிண்ட் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியில் 'இதிலுள்ளவை உண்மை' என்று, பொய்ச் சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டுக் கையெழுத்து. இந்த உறுதிமொழி வரி விட்டுப்போன லியன் செல்லாது.

பலர் தலைகீழாகச் செய்வது அடுத்த வேலை. முதலில் பதிவு, பிறகு தபால் என்று நினைக்கிறார்கள். உரிமையாளருக்கு லியன் நகலை அனுப்பியதற்கான பிரமாணத் தாள் பதிவாகும் லியனுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால் முதலில் நகலை சர்டிஃபைடு அல்லது ரெஜிஸ்டர்டு தபாலில் உரிமையாளருக்கு அனுப்புங்கள். அந்தத் தேதியையும் முகவரியையும் போட்டுப் பிரமாணத்தைப் பூர்த்தி செய்யுங்கள். பிறகு பதிவுக்கு எடுத்துச் செல்லுங்கள். நகல் அனுப்பாத லியனை நிறைவேற்றவே முடியாது என்று சட்டம் நேரடியாகச் சொல்கிறது.

பதிவு செய்வது சொத்து இருக்கும் கவுண்ட்டியில், உங்கள் அலுவலகம் இருக்கும் கவுண்ட்டியில் அல்ல. கட்டணம் பக்கக் கணக்கில். அதற்கு மேல் வீட்டுவசதி நிதிக்கான 75 டாலரும் சேரும். தபாலில் அனுப்பிப் பதிவு செய்யலாம்தான், ஆனால் கெடுவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நேரில் போங்கள். ஓரத்தில் இடம் விடவில்லை, கட்டணம் குறைவு என்று தாள் திரும்பி வந்தால், திருத்தி அனுப்புவதற்குள் கெடு போய்விடும். முத்திரை விழுந்த தேதியும் ஆவண எண்ணும் உள்ள நகலை வாங்காமல் கவுண்ட்டரை விட்டு நகராதீர்கள்.

அடுத்த 90 நாள்

லியன் பதிவான நாளிலிருந்து 90 நாளுக்குள் அதை நிறைவேற்றக் கோரி, மாநிலத்தின் விசாரணை நீதிமன்றமான சுப்பீரியர் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். போடாவிட்டால் லியன் செத்துவிடும். நம் சப்-காண்ட்ராக்டர் ஜூலை 28-இல் பதிவு செய்தார் என்றால் 90-ஆம் நாள் அக்டோபர் 26. அது ஞாயிற்றுக்கிழமை. விடுமுறைக்கு மறுநாள் போடலாமா என்று வாதிட்டுக்கொண்டு இருக்காமல், அக்டோபர் 24 வெள்ளிக்குள் முடித்துவிடுவதுதான் புத்தி.

இந்த 90 நாள்தான் பேச்சுவார்த்தைக் காலம். உரிமையாளர் தவணையில் தருகிறேன் என்றால், கடன் நீட்டிப்பு நோட்டீஸ் ஒன்றை இருவரும் கையெழுத்திட்டு இந்த 90 நாளுக்குள் பதிவு செய்து கெடுவை நீட்டலாம். ஆனாலும் வேலை முடிந்து ஒரு வருடத்தைத் தாண்டக் கூடாது. வாய்ப்பேச்சில் நீட்டிப்பு கிடையாது.

வழக்குப் போட்டால் 20 நாளுக்குள் 'இந்தச் சொத்தின்மேல் வழக்கு இருக்கிறது' என்ற நோட்டீஸையும் ரெக்கார்டரிடம் பதிவு செய்ய வேண்டும். 35,000 டாலர் வரையுள்ள தொகைக்கு அதே கோர்ட்டின் குறைந்த மதிப்பு வழக்குப் பிரிவில் போகலாம். சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் லியனை நிறைவேற்ற முடியாது. உங்கள் தொழில் கார்ப்பரேஷனாக இருந்தால் சுப்பீரியர் கோர்ட்டில் வக்கீல் கட்டாயம். தனி நபர் உரிமையாளராக இருந்தால் நீங்களே நிற்கலாம். நிற்பது நல்லதா என்பது தொகையைப் பொறுத்தது.

உரிமையாளர் பக்கம் இரண்டு நகர்வுகள் வரலாம். ஒன்று, லியன் தொகையில் 125 சதவீதத்துக்குப் பாண்ட் பதிவு செய்து சொத்தை விடுவிப்பது. 13,500-க்கு 16,875 டாலர். இதைக் கண்டு சோர வேண்டாம். உங்கள் உரிமை சொத்திலிருந்து பாண்டுக்கு மாறுகிறது, அவ்வளவே. இரண்டு, 90 நாள் தாண்டியும் நீங்கள் வழக்குப் போடாதபோது லியனை நீக்கச் சொல்லி 10 நாள் நோட்டீஸ் தருவது. அப்படி ஒரு கடிதம் வந்து, உண்மையிலேயே கெடு தாண்டியிருந்தால், வீம்பு பிடிக்காமல் விடுவிப்புப் பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். அவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தால் வக்கீல் ஃபீஸ் உங்கள் தலையில்.

உரிமையாளர் திவால் மனு போட்டிருந்தால் நீங்களாக வழக்குப் போடாதீர்கள், திவால் மனுவோடு தானாக வரும் தடையை மீறியதாகும். அதற்கு வேறு நோட்டீஸ் முறை இருக்கிறது. அந்த நாளே வக்கீலிடம் போங்கள்.

லியன் போனாலும் கடன் போகாது. எழுத்து ஒப்பந்தத்துக்கு 4 வருடம், வாய்வழி ஒப்பந்தத்துக்கு 2 வருடம் வரை ஒப்பந்தம் செய்தவர்மேல் சாதாரண வழக்குப் போடலாம். சொத்தைப் பிடிக்கும் கை மட்டும்தான் இருக்காது.

லியன் எடுபடாத இடங்கள்

பள்ளிக்கூடம், சாலை, நகராட்சிக் கட்டடம் போன்ற அரசு வேலையில் லியன் கிடையாது. அங்கே ஸ்டாப் பேமெண்ட் நோட்டீஸும் (இன்னும் கொடுக்காத பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்லும் நோட்டீஸ்) பேமெண்ட் பாண்டும்தான் வழி. பிரிலிமினரி நோட்டீஸ் அங்கேயும் வேண்டும். மத்திய அரசு வேலைக்கு, பேமெண்ட் பாண்டைக் கேட்கும் 1935-ஆம் ஆண்டின் மில்லர் சட்டம்.

தனியார் வேலையிலும் ஸ்டாப் பேமெண்ட் நோட்டீஸ் உண்டு. வங்கி இன்னும் கட்டுமானக் கடனை முழுதாக விடுவிக்கவில்லை என்றால் லியனைவிட இது கூர்மையானது. லியன் நிலத்தைப் பிடிக்கும், இது பணத்தையே பிடிக்கும். வங்கி கட்டாயம் பணத்தை நிறுத்தி வைக்க வேண்டுமானால், கோரும் தொகையில் 125 சதவீதத்துக்கு நீங்கள் பாண்ட் இணைக்க வேண்டும். அடமானம் வேலை தொடங்குமுன்பே பதிவாகியிருந்தால் வங்கி முதலில், உங்கள் லியன் அதன் பின்னால். வீட்டின்மேல் கடன் கழுத்துவரை இருந்தால் அந்த லியனில் மிஞ்சுவது குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

வாடகைக் கடைக்கு உள்ளலங்காரம் செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கட்டட உரிமையாளர், வேலை நடப்பது தெரிந்த 10 நாளுக்குள் 'எனக்குப் பொறுப்பில்லை' என்ற நோட்டீஸை ஒட்டிப் பதிவும் செய்துவிட்டால் உங்கள் லியன் பொதுவாக வாடகைதாரரின் குத்தகை உரிமையோடு நிற்கும். கடையை மூடிவிட்டுப் போன வாடகைதாரரின் குத்தகையை வைத்து என்ன செய்வது? இப்படிப்பட்ட வேலைக்கு முன்பணமும் தவணையும்தான் உண்மையான பாதுகாப்பு.

வேறு மாநிலத்தில் வேலை எடுத்தால் இங்கே சொன்ன எண் ஒன்றையும் கொண்டு போகாதீர்கள். ஃப்ளோரிடாவில் உரிமையாளருக்கு அனுப்பும் முன் நோட்டீஸுக்கு 45 நாள், கடைசி வேலை நாளிலிருந்து 90 நாளில் லியன், வழக்குக்கு பொதுவாக ஒரு வருடம். நியூயார்க்கில் தனியார் வேலைக்கு 8 மாதம், ஒரு குடும்ப வீட்டுக்கு 4 மாதம்.

பணம் வந்தபின்

தொகைக்குச் செக் வந்தால், கடைசித் தவணைக்கான நிபந்தனையுள்ள வெய்வரைக் கொடுத்து வாங்குங்கள். செக் பாஸான பிறகு நிபந்தனையற்றதைக் கொடுங்கள். அதோடு லியன் விடுவிப்புப் பத்திரத்தை, முதல் லியனின் ஆவண எண்ணையும் பதிவுத் தேதியையும் குறிப்பிட்டு, அதே கவுண்ட்டியில் பதிவு செய்யுங்கள். வழக்குப் போட்டிருந்தால் அதைத் திரும்பப் பெறுவதும், வழக்கு நோட்டீஸை நீக்குவதும் தனித்தனி வேலைகள். வீடு விற்பனையில் இருந்தால் டைட்டில் கம்பெனி, கையெழுத்திட்ட விடுவிப்பை முன்கூட்டியே கேட்கும். விற்பனை முடியும்வரை பணத்தையும் பத்திரங்களையும் வைத்திருக்கும் நடுவரான எஸ்க்ரோவில் கொடுங்கள், 'தொகை எனக்கு அனுப்பப்படும்போதுதான் பதிவு செய்ய வேண்டும்' என்ற எழுத்து அறிவுறுத்தலோடு.